தடுப்புக்கு அந்தப் பக்கம் நான்கு உருண்டை

நான் ஓய்வு பெற்ற மருந்தியல் கல்லூரியில் விலங்குக்கூடத்தைக் காலி செய்கிறார்கள். எது எந்தக் கருவி என்று சொல்ல ஆள் இல்லை, ஒரு நாள் வந்து பார்த்துத் தர முடியுமா என்று என் இடத்துக்கு வந்திருக்கும் பிரகாஷ் சென்ற மாதம் கேட்டார். போனேன். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் நான் பேருந்து இறங்கிய அதே நிறுத்தம். கூடத்தில் எலி வாசனை இன்னும் போகவில்லை. எலிதான் இல்லை. கூண்டுகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள்.

இப்போது மாணவர்களுக்கு எல்லாம் கணினியில்தான். பிரகாஷ் திரையைத் திறந்து காட்டினார். வெள்ளை எலி ஒன்று பெட்டிக்குள் நிற்கிறது. வலப்பக்கம் தடுப்புக்குப் பின்னால் நான்கு தீவன உருண்டை. இடப்பக்கம் தடுப்பில்லாமல் இரண்டு உருண்டை. மருந்து இல்லை என்று தேர்ந்தெடுத்தால் எலி தடுப்பில் ஏறிப் போய் நான்கைத் தின்கிறது. ஹாலோபெரிடால் என்று தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம் திரும்பி இரண்டோடு நின்றுவிடுகிறது.

“பாத்தீங்களா சார், சோம்பேறி ஆயிருச்சு. பசங்க இந்த இடத்துல சிரிச்சுருவாங்க” என்றார் பிரகாஷ். பிறகு கேட்டார்: “நெசமான எலியும் இப்படித்தான் பண்ணுமாங்க சார்?”

“பண்ணும்” என்றேன். அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. மூலையில் பழைய இரும்போடு இரும்பாக, நான் என் கையால் வளைத்துக் கட்டிய கம்பிவலைத் தடுப்பு கிடந்தது. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிரகாஷுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆய்வகப் பயிற்சி ஒன்றும் முடித்து, இருபத்து மூன்று வயதில் அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் எலியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டதிலேயே போனது. எலியை வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் கையை மெல்ல வைத்து, அது மூச்சு விட இடம் கொடுத்துப் பிடிக்க வேண்டும். வயிற்றுக்குள் ஊசி போடும்போது தலை சற்றுக் கீழே இருக்க வேண்டும், அப்போது குடல் முன்னால் சரிந்து ஊசிக்கு வழிவிடும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்க்க வேண்டும். அடையாளத்துக்கு வாலில் மை வளையம் போட வேண்டும். இவ்வளவுதான் என் படிப்பு. மற்றதெல்லாம் எங்கள் துறைத்தலைவரிடம் கற்றது.

அவரை நாங்கள் பெரிய சார் என்போம். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கூடத்துக்குள் வருமுன் கை கழுவுவார், போகும்போதும் கழுவுவார். வரும்போது கழுவுவது எலிக்காக, போகும்போது கழுவுவது தன் வீட்டுக்காக என்பார். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். புதிய பெட்டியில் விட்ட எலியைப் பற்றி, ‘எலி பயந்தது’ என்று நான் ஒருமுறை எழுதிவிட்டேன். அதை அவர் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தார்.

“பயத்தை எங்கே பார்த்தீங்க, குமரேசன்?”

“மூலையில போய் ஒடுங்கிச்சுங்க சார். முடி சிலிர்த்துது.”

“அப்போ மூலைக்குப் போச்சு, முடி சிலிர்த்துதுன்னு எழுதுங்க. பயம் நீங்க போட்டது. எலி போட்டது இல்லை.”

எங்கள் கூடத்தில் சுத்தம் பார்க்கிற முருகேசன் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப சார், நான் லீவு கேட்டா, உடம்பு சரியில்லைன்னு எழுதறதா, பாயில படுத்திருந்தேன்னு எழுதறதா?” என்றார். பெரிய சார் யோசித்துப் பார்த்துவிட்டு, “பாயில படுத்திருந்தேன்னே எழுதுங்க. நான் புரிஞ்சுக்கறேன்” என்றார்.

ஹாலோபெரிடால் என்ற மருந்தின் வேலையை நான் முதலில் பார்த்தது ஒரு செய்முறை வகுப்பில். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து அது. மூளையில் டோபமின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. ஒன்றை நோக்கி உடம்பை எழுப்பி நகர்த்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மருந்து அந்த டோபமின் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடும். செய்முறை எளிது. மேசைமேல் சற்று உயரத்தில் கண்ணாடிக் கம்பி ஒன்றைப் படுக்கையாகப் பொருத்தியிருப்போம். எலியின் முன்னங்கால் இரண்டையும் தூக்கி அந்தக் கம்பிமேல் வைக்க வேண்டும். மருந்து போடாத எலி உடனே காலை எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். அதிக அளவு மருந்து போட்ட எலி இறங்காது. வைத்தது வைத்தபடி, இரண்டு கையையும் கம்பியில் ஊன்றி நின்றுகொண்டே இருக்கும். கண் திறந்திருக்கும். தூக்கம் இல்லை, மயக்கம் இல்லை. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் பாடம்.

அன்று ஒரு மாணவன் அப்படி நின்ற எலியின் தலைமேல் சாக்பீஸ் துண்டு ஒன்றை வைத்தான். எலி அசையவில்லை. வகுப்பு சிரித்தது. பெரிய சார் வந்து சாக்பீஸை எடுத்தார். அந்த மாணவனின் இரண்டு கையையும் பிடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

“அது இறங்கற வரைக்கும் நீயும் எடுக்காதே.”

கொஞ்ச நேரத்தில் அவன் கை நடுங்கியது. எடுத்துவிட்டான். எலி நின்றுகொண்டேயிருந்தது. மறுபடி யாரும் சிரிக்கவில்லை. ஓர் உயிரை வைத்த இடத்தில் வைத்தபடி நிறுத்த ஒரு சொட்டு போதும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தம்பி சண்முகம் இளம்பிள்ளையில் எங்கள் பூர்வீக வீட்டில் இருந்தான். வீட்டோடு ஒட்டிய பட்டறையில் மூன்று விசைத்தறி. அவன், அவன் மனைவி மல்லிகா, இரண்டு பிள்ளைகள், எங்கள் அம்மா. நான் குடும்பத்தோடு சேலத்தில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவேன். சண்முகம் முப்பது வயதில் நோயில் விழுந்தான். ஒரு நாள் மூன்று தறியையும் ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினான். தறி தன்னைத் திட்டுகிறது என்றான். பட்டறை திடீரென்று அமைதியானதைக் கேட்டு அம்மா ஓடி வருவதற்குள் தெருவுக்கு ஓடிவிட்டான். எதிரே வந்தவரை அடித்தான். லாரி ஒன்று அவனை இடிக்காமல் ஒடித்து நின்றது. பிறகு சேலத்தில் ஆஸ்பத்திரி, மாத்திரை. திட்டும் குரல்கள் நின்றன. வீடே நிம்மதி ஆனது.

அடுத்த ஒரு வருடத்தில் அவன் உட்கார்ந்துவிட்டான். பட்டறை ஓரத்து பெஞ்சில் காலையில் உட்கார்ந்தால் யாராவது எழுப்பும் வரை அங்கேதான். கையில் சோற்றுத் தட்டைக் கொடுத்தால் முழுதும் சாப்பிடுவான். சமையல்கட்டில் வைத்துக் கூப்பிட்டால் வரமாட்டான். மல்லிகா மூன்று தறியையும் தனியாக ஓட்டினாள். ஒரு ஞாயிறு நான் இருக்கும்போதே அவனுக்குக் கையெட்டும் தூரத்தில் ஓடிய தறியில் பாவு இழை ஒன்று அறுந்தது. உடனே நிறுத்தி முடிச்சுப் போடாவிட்டால் சேலையில் நீளவாக்கில் கோடு விழுந்துகொண்டே போகும். சண்முகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கோடு ஒரு முழத்துக்கு மேல் ஓடிய பிறகு அந்தக் கோடித் தறியிலிருந்து மல்லிகா பார்த்து ஓடி வந்து நிறுத்தினாள்.

“கண்ணு தெரியுதா இல்லீங்களா?”

“தெரியுது” என்றான்.

“இழை அறுந்தது தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“அப்புறம் ஏனுங்க எந்திரிக்கலை?”

“எந்திரிக்கணும்னுதான் இருந்தேன்.”

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “கேட்டீங்களா மாமா? எந்திரிக்கணும்னுதான் இருந்தாராம். நானும் மூணு வருசமா இதையேதான் கேக்கறேன்.”

அவளிடம் ஓர் அசைக்க முடியாத சாட்சி இருந்தது. அவள் அண்ணன் வீட்டு விசேஷத்துக்காக எல்லோரும் நாமகிரிப்பேட்டைக்குப் போயிருந்த ஒரு நாள், சண்முகம் மட்டும் வீட்டில் இருந்தான். அவனுக்குச் சோறு போடும்படி பக்கத்து வீட்டில் சொல்லி வைக்க அம்மா மறந்துவிட்டாள். பசி எடுத்ததும் அவன் எழுந்து, வாசல் தாண்டி, தெருக்குழாய் வரை நடந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வந்து, சாதம் போட்டுச் சாப்பிட்டிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து மல்லிகாவுக்குச் சந்தேகமே இல்லை. தட்டைக் கையில் கொடுக்க ஆள் இல்லையென்றால் நன்றாக நடமாடுகிறான், ஆள் இருந்தால் கல்லாகிவிடுகிறான், இது நோய் அல்ல நடிப்பு என்றாள். அவள் அண்ணனும் அதையே சொன்னார். திங்கட்கிழமை வண்டி கொண்டு வருகிறேன், பிள்ளைகளோடு கிளம்பி இரு என்று சொல்லியனுப்பிவிட்டார். எங்களுக்கும் அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம்தான், எங்கள் கூடத்தில் நித்யா என்ற ஆய்வு மாணவியின் சோதனை நடந்துகொண்டிருந்தது. பிரகாஷ் திரையில் காட்டினாரே, அதுவேதான்.

ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவில் மரப்பெட்டி செய்தோம். நடுப்பாதை முடியும் இடத்தில் எலி வலமோ இடமோ திரும்ப வேண்டும். வலக்கோடியில் நான்கு உருண்டை, இடக்கோடியில் இரண்டு. எலிகளுக்குத் தீவனத்தைக் கொஞ்சம் குறைத்து, பசி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். எந்தப் பக்கம் அதிகம் என்று அவை சில நாளில் கற்றுக்கொண்டன. பிறகு வலப்பாதையில் கம்பிவலைத் தடுப்பு வைத்தோம். முதலில் எலி தாண்டக்கூடிய உயரம். தினமும் கொஞ்சம் உயர்த்தினோம். ஏறும் பக்கம் செங்குத்து, இறங்கும் பக்கம் சரிவு. கம்பி முனைகள் பாதத்தைக் கிழிக்காமல் இருக்க ஒவ்வொன்றையும் நான் உள்ளே மடித்து அரம் போட்டேன். வாலில் மூன்று வளையம் போட்ட எலி ஒன்று இருந்தது. அதைப்போல் ஏறியது வேறு எதுவும் இல்லை. கதவைத் தூக்கியதும் இடப்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேரே தடுப்பு, ஏற்றம், நான்கு உருண்டை.

அதற்குக் குறைந்த அளவு ஹாலோபெரிடால் போட்டோம். கம்பியில் நிறுத்திவைக்கும் அளவு அல்ல, அதில் மிகச் சிறு பங்கு. பார்த்தால் மருந்து போட்ட எலி என்றே தெரியாது. கதவைத் தூக்கினேன். வந்தது. தடுப்பின் முன் நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்தது. இடப்பக்கம் திரும்பிப் போய் இரண்டு உருண்டையைத் தின்றது. மறுபடி விட்டோம். மறுபடியும் இரண்டு.

“மூணு வளையம் சோம்பேறி ஆயிருச்சுங்க சார்” என்றார் முருகேசன்.

பெரிய சார் அங்கே நின்றிருந்தார். “சோம்பேறித்தனம்னு ஒரு உறுப்பு இருந்தா அறுத்துக் காட்டுங்க, ஒத்துக்கறேன்” என்றார். பிறகு நித்யாவிடம், “இதுக்குப் பசி போயிடுச்சா?” என்று கேட்டார்.

நித்யா தீவனத்தை அதன் முன்னால் வைத்தாள். எல்லாவற்றையும் தின்றது. பசி போகவில்லை.

“நாலு பெரிசு, ரெண்டு சின்னதுங்கறது மறந்துடுச்சா?”

தடுப்பை எடுத்துவிட்டு எலியை விட்டோம். நேரே வலப்பக்கம் போய் நான்கைத் தின்றது. மறக்கவில்லை. நான்குதான் வேண்டும் என்ற ஆசையும் போகவில்லை.

“சரி. காலுக்குத் தெம்பு இல்லையா?”

இதற்கு என்ன செய்வது என்று நித்யா விழித்தாள். பெரிய சார் சொன்னார்: “தடுப்பைத் திரும்ப வை. இடப்பக்கத்து ரெண்டையும் எடுத்துடு. அந்தப் பக்கம் ஒண்ணுமே இருக்கக் கூடாது.”

மருந்து இறங்கிய பிறகு ஒரு நாள் விட்டு, இந்த ஏற்பாட்டில் எலியை முதலில் பழக்கினோம். சனிக்கிழமை மீண்டும் அதே அளவு மருந்து. கதவைத் தூக்கினேன். மூன்று வளையம் வந்தது. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. தடுப்பின் முன் நின்றது. பிறகு இரண்டு முன்னங்காலையும் கம்பியில் வைத்து, மருந்தே போடாத நாளில் ஏறியது போல ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நான்கு உருண்டையையும் தின்றது.

என் கையிலிருந்த கதவு பெட்டிமேல் விழுந்தது. நித்யா திடுக்கிட்டுத் திரும்பினாள். பக்கத்தில் தட்டைக் கையில் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் தம்பி எழுந்து போகிறான், இருந்தால் எழுவதில்லை. மல்லிகா சொன்னது, அவள் அண்ணன் சொன்னது, அம்மாவால் மறுக்க முடியாதது, எல்லாம் என் எதிரே மரப்பெட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. இந்த எலி யாரிடம் நடிக்கும்? எதற்கு நடிக்கும்?

பெரிய சார் என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். தம்பியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

“தம்பிக்கு என்ன மாத்திரை?”

சொன்னேன். அதே மருந்துதான். அதுவரை அந்தப் பெயரைக் கூடத்தில் ஒரு சொல்லாகவும், அம்மாவின் டப்பாவில் வேறு ஒரு சொல்லாகவும்தான் என் மனது வைத்திருந்தது.

“குமரேசன், நானும் நீங்களும் மனுசனுக்கு டாக்டர் இல்லை. நம்ம பார்த்தது ஒரு எலியை. அவருக்கு இருக்கற வியாதியே ஆளை இப்படி உட்கார வைக்கும். இது மருந்தா, வியாதியா, ரெண்டுமான்னு இங்கிருந்து சொல்ல முடியாது. மாத்திரையை நிறுத்தறேன்னு மட்டும் போயிடாதீங்க. அவரை அழைச்சிட்டுப் போய்க் காட்டுங்க.” வாசல் வரை வந்தார். “நடிப்புன்னு சொல்றாங்களே, அதை மட்டும் யாரும் பார்க்கலை. அது அவங்க போட்டது.”

மறுநாள் காலை இளம்பிள்ளை போனேன். மல்லிகா பிள்ளைகளின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சண்முகம் பெஞ்சில் இருந்தான். தறி ஓடவில்லை. நான் பார்த்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன், எலிக்குப் போட்டதும் சண்முகத்துக்குக் கொடுப்பதும் ஒரே மருந்து என்பதையும் சேர்த்து. அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டாள்.

“எலிக்கும் எம் புருசனுக்கும் என்னங்க மாமா பேச்சு?” என்றாள் மல்லிகா. “அந்த எலிக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குதுங்களா? ரெண்டு உருண்டை போதும்னு அது உக்காந்துக்கலாம்.”

“அம்மணி, அது ஏறுச்சு. வேற வழி இல்லைன்னா ஏறுது. வழி இருந்தா ஏறலை. காலும் நல்லா இருக்குது, ஆசையும் இருக்குது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறது அடைச்சிருக்குது. பார்க்கறவங்களுக்கு அது நடிப்பு மாதிரியேதான் தெரியும்.”

அவள் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“அந்த எலி அப்பறம் என்னாச்சுங்க?”

“மருந்து இறங்கினா மறுநாள் பழையபடி ஏறும்.”

“இவருக்கு மறுநாளும் குடுக்கறோமுங்களே” என்றாள்.

அதை அவள்தான் சொன்னாள். நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த இடம் அது. சமையல்கட்டு வாசலில் அம்மா இல்லை. உள்ளே போய்விட்டிருந்தாள்.

மல்லிகா எழுந்து அண்ணனுக்கு போன் போட்டாள். “நாளைக்கு வர வேண்டாங்கண்ணா. நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். அங்க டாக்டர் நடிப்புன்னு சொல்லிட்டா நானே பஸ் ஏறி வாரேன்.” பையை அவள் பிரிக்கவில்லை. கட்டியபடியே சுவரோரம் வைத்தாள்.

மறுநாள் நால்வரும் போனோம். மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். சண்முகத்தின் முழங்கையைப் பிடித்து மடக்கி நீட்டினார். கை வழுக்கிக்கொண்டு வரவில்லை, பல்சக்கரம் நகர்வதுபோல் வெட்டி வெட்டி வந்தது. நடக்கச் சொன்னார். நடந்தான். கை இரண்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியிருந்தன.

“எந்திரிக்கணும்னு தோணுதா உங்களுக்கு?” என்று அவனிடமே கேட்டார். அப்படி அவனிடம் யாரும் கேட்டதில்லை.

“தோணுதுங்க” என்றான் சண்முகம். நெடுநேரம் எடுத்துக்கொண்டு மீதியைச் சொன்னான். “தோணறது தோணின இடத்துலயே நின்னுருதுங்க.”

மல்லிகா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

“மாத்திரை யார் குடுக்கறீங்க?”

“நானுங்க” என்றாள் அம்மா.

“எப்பப்ப?”

“ராத்திரி ஒண்ணுங்க.”

“அது நான் எழுதினது. வேற?”

அம்மா தரையைப் பார்த்தாள். “காத்தால ஒண்ணு. தறிக்கிட்ட எந்திரிச்சு நடமாடினா உச்சிப்பொழுதுல ஒண்ணு.” பிறகு யாரும் கேட்காமலே சொன்னாள். “அவன் எந்திரிச்சு நின்னா எனக்கு உசுரே போகுதுங்க. அன்னைக்கு அந்த லாரி…”

மருந்து தீர்ந்தால் வெளிக்கடையில் வாங்கியிருக்கிறாள். கடைக்காரர் பழைய சீட்டைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். எலிக்குத் தினமும் எடை பார்த்து மருந்து அளந்த எனக்கு, என் அம்மா எத்தனை கொடுக்கிறாள் என்று ஒரு ஞாயிறும் கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவர் அம்மாவைத் திட்டவில்லை. “உங்க பையன் நடிக்கலைங்கம்மா. இதுல வியாதி கொஞ்சம் இருக்கு, மாத்திரை கொஞ்சம் இருக்கு. எது எவ்வளவுன்னு குறைச்சுப் பார்த்தாத்தான் தெரியும். நான் குறைக்கறேன், நீங்களா நிறுத்தக் கூடாது. கூட்டவும் கூடாது.” உடம்பு விறைப்புக்கு வேறு ஒரு மாத்திரை எழுதினார். மாத்திரை கொடுக்கும் பொறுப்பை மல்லிகாவிடம் மாற்றினார்.

திரும்பும் பேருந்தில் மல்லிகாவும் அம்மாவும் ஒரே இருக்கையில் இருந்தார்கள். நான் பின்னால். கொண்டலாம்பட்டி தாண்டியதும் மல்லிகா கேட்டாள்.

“அத்தை. நான் அவரை அத்தனை பேச்சுப் பேசறப்ப எல்லாம் இது மாத்திரைன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது சாமி. அடங்கி இருக்கறான்னு நெனச்சேன்.” அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஒக்காந்திருந்தா எம்புள்ளை இருக்கறான்னு அர்த்தம். நீ திட்டறதுகூட எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. ஊட்டுக்குள்ள இருக்கறவனைத்தானே திட்ட முடியும்.”

வீட்டுக்குப் போனதும் மல்லிகா சுவரோரம் இருந்த பையை எடுத்து, துணிகளைப் பழைய இடத்தில் வைத்தாள்.

ஒரே நாளில் எதுவும் நடக்கவில்லை. மருந்து மெதுவாகக் குறைந்தது, பின்னர் வேறொன்றுக்கு மாறியது. நடுவில் ஒருமுறை குரல்கள் மறுபடி கேட்பதாகச் சொன்னான், அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். மூன்று தறியை ஓட்டும் சண்முகம் பிறகு வரவே இல்லை. மருத்துவர் சொன்ன வியாதியின் பங்கு அவனிடம் தங்கிவிட்டது.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு நான் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சண்முகம் பெஞ்சில். அவனுக்கு நேர் எதிர்த் தறியில் இழை அறுந்தது. நான் பார்த்தேன். மல்லிகா அதைவிடக் கிட்டத்தில் இருந்தாள், அவளும் பார்த்தாள். நான் எழப் போனேன். அவள் கையை நீட்டி என்னை உட்காரச் சொன்னாள். தானும் நகரவில்லை. கோடு விழத் தொடங்கியது. அவள் அதைப் பார்க்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்முகம் கையை பெஞ்சில் ஊன்றினான். எடுத்தான். மறுபடி ஊன்றினான். எழுந்தான். நடந்து போய்த் தறியை நிறுத்தினான். மல்லிகாவும் தன் தறிகள் இரண்டையும் நிறுத்தினாள்.

பட்டறை ஒரே அடியாக அமைதியானது. வீட்டுக்குள் பாத்திரம் விழுந்தது. அம்மா ஓடி வந்தாள். நின்ற தறிகளைப் பார்த்தாள், எழுந்து நிற்கும் மகனைப் பார்த்தாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

“என்னாச்சு சாமி?”

“இழை அறுந்துருச்சும்மா” என்றான் சண்முகம், குனிந்து முனையைத் தேடியபடி. முடிச்சுப் போட்டு முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. பிறகு சேலையில் விரலை வைத்து அளந்து பார்த்தான்.

“ஒரு சாண் ஓடிருச்சு” என்றான் மல்லிகாவிடம்.

“ஓடட்டும் உடுங்க” என்றாள் அவள்.